பிள்ளைக்கு அவசரம்

தண்ணி பாட்டிலை மடியில வச்சிருக்கே, மூடியத் திறக்கல பாரு. அப்பவே நினைச்சேன், இது நல்லா வளத்த பிள்ளைன்னு. மதுரையில ஏறினதுலருந்து பாக்கேன், ஒரு வாய் குடிக்கலையே நீ. இந்தக் காலத்துல எவ இப்படி இருக்கா? பஸ்ஸு கிளம்புமுன்னே மடக்கு மடக்குன்னு குடிக்க வேண்டியது. திருமங்கலம் தாண்டுமுன்னே முகத்தை ஒரு மாதிரி வச்சுக்கிட்டு கண்டக்டரைத் தேட வேண்டியது. நீ அப்படி இல்ல. காலேஜு படிக்கியா? சிவகிரியில இறங்கணுமா? நான் புளியங்குடி. பேரு உலகம்மா, எங்க அம்மன் பேரு.

முன் சீட்டுல ரெட்டைச் சடை தெரியுதுல்லா, அது என் தம்பி மக. செண்பகதேவி. பேரு நான் வச்சது. பள்ளிக்கூடத்துல வெறும் தேவின்னு சொல்லிக்கிடுதா. மீதிப் பேரை எங்கட்டி கொண்டுபோய்ப் போட்டேன்னு கேட்டா, "நீயே எடுத்து வச்சுக்கோ அத்தை"ங்கா. வயசு பதினொண்ணு. வாய்க்கு மட்டும் நாப்பது. ஜன்னலைப் பாக்குற மாதிரி இருக்காளே, நம்பிராத. காது ரெண்டும் இங்கதான் இருக்கு.

இன்னைக்குக் காலையில இதே ரோட்டுல, ஒரு பஸ்ஸு நிறைய ஆளுக இருக்கையில, என் மானத்தை வாங்கிட்டா தாயி. சொல்லுதேன் கேளு. பேசிக்கிட்டே போனா ஊரும் வந்துரும். இப்ப எங்க வந்திருக்கோம்? கல்லுப்பட்டியா? இன்னும் கல்லுப்பட்டிதானா?

முதல்ல எங்க குடும்பத்தைப் பத்தி உனக்குத் தெரியணும். எங்க வீட்டுப் பொம்பளைங்க தாங்குறவங்க. அதான் எங்க பெருமை. சொத்து கிடையாது, நகை கிடையாது, இது உண்டு. பஸ்ஸுல ஏறினா இறங்குற ஊருலதான் இறங்குவோம். நடுவுல 'தம்பி, வண்டியக் கொஞ்சம் நிறுத்துப்பா'ன்னு எந்த டிரைவர்கிட்டயும் எங்க வீட்டுப் பொம்பளை வாய் திறந்ததில்ல. நான் கல்யாணமாகி மெட்ராஸுக்குப் போனேன் பாரு, புளியங்குடியில ஏறினவ தாம்பரத்துலதான் கால கீழ வச்சேன். எங்க வீட்டுக்காரர் வழியெல்லாம் இறங்கினார். ஆம்பளைக்கென்ன, எந்த மரமும் சம்மதிக்கும். நான் அசையல. எங்க தெருவுல எனக்கு ஒட்டகம்னு பட்டப்பேரு. பொறாமையில வச்ச பேருதான்.

சரி, பிள்ளை கதைக்கு வாறேன்.

இவ பொறந்தப்போ பின்வழியே இல்ல, வெளிக்கிப் போற துவாரமே இல்ல. ஆமா தாயி, அப்படியும் பிள்ளைங்க பொறக்குமாம், எத்தனையோ ஆயிரத்துல ஒண்ணு. நர்ஸு காய்ச்சல் பாக்குற குச்சிய எடுத்துட்டு வந்து, வைக்க இடமில்லாம திகைச்சுப்போய் நின்னுச்சு. என் தம்பி சுடலைமுத்து அழுதான். அவன் பொண்டாட்டி அனுசுயா அழுதா. நான் அழல. யாராவது ஒருத்தர் அழாம இருந்தாத்தானே டாக்டர் சொல்லுறது காதுல விழும். மூணு ஆபரேஷன். முதல்ல வயித்துல ஒரு வழி வச்சு பை மாட்டினாங்க. அப்புறம் இருக்க வேண்டிய இடத்துல வழி செஞ்சாங்க. கடைசியா வயித்துல இருந்ததை அடைச்சாங்க. பிள்ளை முதல் தடவையா எல்லாரையும் போல வெளிக்கிப் போன அன்னைக்கு, சுடலைமுத்து வேலை பாக்குற எலுமிச்சை மண்டியில அம்புட்டுப் பேருக்கும் லட்டு குடுத்தான். "என்னடே விசேஷம்?"னு கேட்டிருக்காங்க. இவன் உள்ளதைச் சொல்லிட்டான். பாதிப் பேரு லட்டைக் கீழ வச்சிட்டாங்களாம்.

அதுலருந்து எங்க வீட்டுல எந்நேரமும் பின்பக்கத்துப் பேச்சுதான். இன்னைக்குப் போனாளா, எப்படிப் போனா, பழம் குடுத்தியா, கீரை குடுத்தியா. போன் பேசுற சொந்தக்காரங்ககூட சௌக்கியமான்னு கேக்க மாட்டாங்க, "பிள்ளை போனாளா?"ன்னுதான் கேப்பாங்க. முன்பக்கத்தைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கேக்க என்ன இருக்கு? அது பொறக்கும்போதே ஒழுங்காத்தானே இருந்துச்சு.

வெறும் ஒழுங்கா? தங்கம்! மூத்திரம் வருதுன்னு ஒரு நாளும் அவ சொன்னதில்ல. மத்த பிள்ளைங்க டவுசரைப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்கும்லா, இவ குதிச்சதே கிடையாது. அஞ்சு வயசுல திருச்செந்தூருக்கு வேன் பிடிச்சுப் போனோம். அனுசுயா வீட்டு ஆளுகளும் வந்தாங்க. அவ அக்கா, சித்தி, எல்லாம் ஊருக்கு ஊரு வேனை நிறுத்தி நிறுத்தி இறங்குது. இவ மட்டும் என் மடியில ராணி மாதிரி உக்காந்திருக்கா. கோயில்ல போய் இறங்கினதும் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, எல்லாரும் கேக்கச் சொன்னேன், "பாருங்கட்டி, இது எங்க வீட்டு ரத்தம்!"னு. அனுசுயா மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. அங்கேயே பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிப் போட்டேன்.

இரு, கொஞ்சம் சாஞ்சு உக்காந்துக்கிடுதேன். இந்த சீட்டு ஒரு பக்கமா இறங்கியிருக்கு. கிருஷ்ணன்கோவிலா வருது? இல்லையா? சரி.

அப்புறம் காய்ச்சல் வர ஆரம்பிச்சுது. உதறிக்கிட்டு வரும், மருந்து குடுத்தா போகும், திரும்பி வரும். சிரிச்சா பாவாடை நனையும். ஓடினா நனையும். நனையுதேன்னு அனுசுயா தண்ணியக் குறைச்சா. நானும் ஆமான்னேன். தண்ணி குடிக்காம இருக்குறதுதான் நமக்குக் கை வந்த வித்தையாச்சே. சிரிக்காம இருக்கவும் பிள்ளை பழகிக்கிட்டா. நான் ஏதாவது கேலி பேசினா உதட்டைக் கடிச்சுக்கிட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. அழுத்தக்காரின்னு நினைச்சுக்கிட்டேன்.

போன வருஷம் காய்ச்சல் நெருப்பா அடிச்சு, மதுரைக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க ஒரு பொம்பளை டாக்டர். "யூரின் வந்தா பிள்ளை சொல்லுவாளா?"ன்னு கேட்டாங்க. அனுசுயா முழிக்கா. நான் முந்திக்கிட்டேன். "காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும்கூட தாங்குவா டாக்டர். எங்க வம்சம் அப்படி!"ன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சிட்டு என்னைப் பாத்தாங்க பாரு, ஒரு பார்வை. எதுக்கு அப்படிப் பாத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

பிள்ளையை ஒருக்கப் போயிட்டு வரச் சொல்லி ஸ்கேன் எடுத்தாங்க. போயிட்டு வந்த பிறகும் மூத்திரப்பை நிறைய இருக்கு. நிறைஞ்சு வழியுறதைத்தான் நாங்க போகுதுன்னு நினைச்சிருக்கோம். "இவ அடக்கலம்மா. நிறைஞ்சதே இவளுக்குத் தெரியல"ன்னாங்க. பின்வழி இல்லாம பொறக்குற பிள்ளைங்கள்ல சிலபேருக்கு முதுகெலும்பு முடியுற இடத்துலயும் குறை இருக்குமாம். மூத்திரப்பைக்குப் போற நரம்பு சரியா வேலை செய்யாதாம். பை நிறைஞ்சு நிறைஞ்சு, மேல கிட்னி வரைக்கும் ஏறி, ஒரு கிட்னி வீங்கிப்போச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அது போயே போயிருக்கும்னாங்க.

அன்னைலருந்து அனுசுயா என்கூட முகம் குடுத்துப் பேசுறதில்ல. நீயே சொல்லு, நான் பிள்ளையைப் பெருமையாத்தானே சொன்னேன்? குறையாவா சொன்னேன்? அந்தக் கொலுசை, பிள்ளை வளர வளர மாத்தி மாத்திப் பெருசாக்கிப் போட்டுக்கிட்டு இருந்தேன். அதை அனுசுயா கழட்டி டப்பாவுல போட்டுட்டா. கால்ல உரசுதாம். உரசும், உரசும்.

இப்ப வைத்தியம் என்னன்னா, ஒரு சின்ன டியூபு. நாலு மணி நேரத்துக்கு ஒருக்க சோப்புப் போட்டுக் கை கழுவி, அந்த டியூபை உள்ள விட்டு, மூத்திரத்தை முழுசா எடுத்துரணும். தண்ணி நிறையக் குடிக்கணும். கேட்டியா, குடிக்கணுமாம்! முதல்ல அனுசுயா எடுத்துவிட்டா. அப்புறம் இவளே கண்ணாடி வச்சுப் பாத்துப் படிச்சுக்கிட்டா. இப்ப கண்ணாடியும் வேண்டாங்கா. கையில வாட்சு கட்டியிருக்கா, நேரமானா அது கத்தும். நானும் ஒருக்க உதவிக்குப் போனேன். டியூபைப் பாத்ததும் தலை சுத்திருச்சு. இவதான் என்னைத் தாங்கிப் பிடிச்சு வெளிய கொண்டாந்து உக்கார வச்சா. புழுக்கம் தாயி. அந்த பாத்ரூமுல காத்தே வராது.

காய்ச்சல் நின்னுபோச்சு. அதைச் சொல்லணும்லா. இப்பல்லாம் வீடு அதிரச் சிரிக்கா. முக்கால்வாசி என்னைப் பாத்துத்தான்.

இப்ப பஞ்சாயத்து தஞ்சாவூரு. பள்ளிக்கூடத்துல சிலம்பம் ஆடுதா இவ. தஞ்சாவூருல போட்டி. வேன்ல கூட்டிட்டுப் போறாங்க, ஒரு ராத்திரி தங்கணும். பிள்ளை ஒத்தைக் கால்ல நிக்கா. அனுசுயா பயப்படுதா. வேனை எங்க நிறுத்துவாங்க, எங்க கை கழுவுவா, நேரம் தப்பிட்டா திரும்பவும் காய்ச்சல் வந்துருமேன்னு. கடைசியில சுடலைமுத்துதான் ஒரு வழி சொன்னான். "மதுரைக்குச் செக்கப்புக்கு இந்தத் தடவை அக்கா கூட்டிட்டுப் போகட்டும். போக வர பிள்ளை தானா சமாளிச்சுக்கிடுதாளான்னு பாத்துட்டு வந்து சொல்லட்டும். அக்கா சரின்னா அனுப்புவோம்"னான். ஆக, ஜட்ஜு நான்.

பஸ் ஏத்திவிட வந்த அனுசுயா, "மதினி, அவ நிறுத்தணும்னா நிறுத்தணும். உங்க பெருமைய வீட்டுல வச்சிட்டுப் போங்க"ன்னா. பாத்தியா பேச்சை? வீட்டுலருந்து கிளம்பும்போதே முடிவு பண்ணிட்டேன், வேண்டாம்னு சொல்லுறதுன்னு. நான் இல்லாம இந்தப் பிள்ளை எப்படிச் சமாளிக்கும்?

காலையில ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டோம். ஒரு ரயிலு போச்சு, திறக்கல. இன்னொண்ணு வருதாம். ஆம்பளைங்கல்லாம் இறங்கி அந்தப் பக்கம் போயி நின்னுட்டு வந்தாங்க. கேட்டு திறந்ததும் டிரைவரு விட்ட நேரத்தைப் பிடிக்கப் பறக்கான். எந்த பஸ் ஸ்டாண்டுலயும் நிதானமா நிக்கல. கிருஷ்ணன்கோவில் தாண்டினதும் வாட்சு கத்துச்சு.

"அத்தை, நேரமாச்சு."

"கொஞ்சம் பொறுட்டி. திருமங்கலம் வந்துரும்."

"பொறுக்கக் கூடாது அத்தை."

"எல்லாம் பொறுக்கலாம். நம்ம வீட்டுப் பொம்பளைங்க..."ன்னு ஆரம்பிச்சேன்.

"அத்தை, எனக்கு நிறையுறதே தெரியாது. தெரிஞ்சாத்தானே அடக்க முடியும்? அதுக்குத்தான் வாட்சு."

சரி, வாந்தின்னு சொல்லி நிறுத்துவோம்னேன். வாந்தின்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க, அது மரியாதையான சங்கதி. "எதுக்கு அத்தை பொய் சொல்லணும்?"னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. கம்பியப் பிடிச்சுப் பிடிச்சு நேரா கண்டக்டர்கிட்ட.

"அண்ணே, ஒரு பெட்ரோல் பங்குல நிறுத்துங்க. நான் யூரின் எடுக்கணும்."

"மதுரையே வந்துரும் பாப்பா. அடக்கிக்கோ."

"எனக்கு அடக்க வராதுண்ணே. டியூபு வச்சுத்தான் எடுக்கணும். பத்து நிமிஷம் ஆகும்."

நான் சேலைத் தலைப்பை மூஞ்சியில இழுத்துவிட்டுக்கிட்டேன், யாரு பெத்த பிள்ளையோங்குற மாதிரி. பின்னாலருந்து ஒரு ஆளு, "ஒரு பிள்ளைக்காகப் போயி பஸ்ஸை நிறுத்துவாங்களா? ஆபீஸுக்கு நேரமாகுது"ன்னு சத்தம் போடுதான். இவ திரும்பி, "அண்ணாச்சி, ரயில்வே கேட்டுல நீங்க இறங்கிப் போனதை நான் பாத்தேனே"ங்கா! பஸ்ஸு பூரா சிரிப்பு. அந்த ஆளு ஜன்னலைப் பாத்துக்கிட்டான். டிரைவரும் சிரிச்சுக்கிட்டே ஒரு பங்குல வண்டிய ஒடிச்சு நிறுத்திட்டான்.

இவ இறங்கினா பாரு, அப்பத்தான் வேடிக்கை. ஒரு டீச்சரம்மா எந்திரிச்சா. பின்னாலயே ஒரு வாயும் வயிறுமான பொண்ணு. அப்புறம் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பிள்ளையை யாரு மடியிலயோ போட்டுட்டு ஓடுதா. ஒவ்வொருத்தியா பஸ்ஸுல இருந்த பொம்பளை பூரா இறங்கியாச்சு. என் வயசுக்காரி ஒருத்தி, "நீ நல்லா இருக்கணும் தாயி"ன்னு இவ கன்னத்தை வழிச்சு முத்தங் குடுத்துட்டு ஓடினா. பங்குல கக்கூஸு பூட்டியிருக்கு. சாவி வச்சிருந்த பையன் தண்ணி வரலைங்கான். இவ பையிலருந்து பாட்டிலையும் சோப்பையும் எடுத்துக் காட்டி, "தண்ணி என்கிட்ட இருக்குண்ணே. சாவி மட்டும் குடுங்க"ன்னா. குடுத்துட்டான்.

"கண்ணாடியைப் பிடிக்கவாட்டி?"ன்னேன்.

"வேண்டாம் அத்தை. வாசல்ல நில்லு. அது போதும்."

நின்னேன். நான் நின்னதுனாலதான் அவளால நிம்மதியா எடுக்க முடிஞ்சுது, அதையும் நீ பாக்கணும். அப்புறம் எல்லாரும் போயிட்டு வந்தாங்க. நான் ஒருத்திதான் போகல. வரிசையில நின்னவ, "நீங்க போகலையாக்கா?"ன்னா. "நமக்குப் பழக்கமில்ல"ன்னேன்.

ஆஸ்பத்திரியில வீக்கம் வடிஞ்சிருக்குன்னு சொன்னாங்க. உலகம்மா தாயே, அது ஒண்ணு போதும். இவ உடனே தஞ்சாவூரு கதையை எடுத்துட்டா. "தாராளமாப் போகலாமே"ன்னாங்க டாக்டர். அவங்க சொல்லுவாங்க, அவங்களா வேன்ல கூடப் போறாங்க? "நான் யோசிச்சுத்தான் சொல்லணும்"னேன். இவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல தாயி. அழல, கெஞ்சல. வெளிய வந்ததும், "அத்தை, உனக்கு முகமே வாடிப்போச்சு, வா"ன்னு கூட்டிட்டுப் போயி ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்தா. பெரிய கிளாஸு. பிள்ளை ஆசையாக் குடுக்கும்போது எப்படி வேண்டாங்குறது? அப்புறம் ஒரு இளநீ. அப்புறம் பஸ் ஸ்டாண்டுல காபி. "இன்னும் கொஞ்சம் அத்தை, இன்னும் கொஞ்சம்"னு. எவ்வளவு பாசம் பாரு. பஸ்ஸு ஏறுமுன்ன அவ போயி எடுத்துட்டு வந்தா. "நீயும் போயிட்டு வந்துரு அத்தை"ன்னா. நமக்கெதுக்குன்னேன். சிரிச்சா.

என்ன தாயி, நீயும் சிரிக்கே? நான் என்ன சொல்லிட்டேன் இப்போ?

இது எந்த ஊரு? ஸ்ரீவில்லிபுத்தூரா? நிக்காம போறான். இன்னும் ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூரு... எம்மா. ஏன் இந்த டிரைவரு எல்லாக் குழியிலயும் இறக்கி ஏத்துதான்? வீட்டுல சொல்லிட்டு வந்தானோ?

என்னட்டி திரும்பிப் பாக்கே? ஒண்ணுமில்ல. சும்மா பேசிக்கிட்டு வாறேன். தண்ணியா? வேண்டாம். அதைத் தூரமா வை. குலுக்காத. குலுக்காதங்கேன்லா! என்ன? காதைக் கொண்டாவா?

கேட்டியா தாயி இந்தக் கூத்தை? "நான் போயி கண்டக்டர்கிட்ட சொல்லட்டுமா அத்தை?"ங்கா. எனக்கு எதுக்குட்டின்னு கேட்டா, "உனக்கு இல்ல, எனக்குன்னு சொல்லுதேன்"ங்கா. உன் வாட்சுதான் இன்னும் அடிக்கலையேன்னு நான் சொன்னா, "அடிச்ச மாதிரி வச்சுக்கிடலாம். நீ தஞ்சாவூருக்கு என்ன சொல்லப் போறே?"ங்கா. பேரம் பேசுதா! காலையில பொய் எதுக்குன்னு கேட்டவதானே இவ? போ, உன் சோலியப் பாத்துக்கிட்டு. நான் யாரு? ஒட்டகம். எனக்கு ஒண்ணும்...

ஏ உலகம்மா! என்ன குழிடா அது!

ஏட்டி. ஏட்டி செண்பகா. இங்க வா. கிட்ட வா. சரிட்டி. சரிங்கேன்லா. தஞ்சாவூரு. நான் சொல்லுதேன் உங்கம்மாகிட்ட. சத்தியமா. அந்தக் கொலுசு மேல சத்தியம், போதுமா? போ. ஓடு. சீக்கிரம் சொல்லு.

உன் காதுல ஒண்ணும் விழல, என்ன? இவ தானாவே சமாளிச்சுக்கிடுவான்னு எனக்குக் காலையிலேயே தெரியும். ஜட்ஜுன்னா எல்லாப் பக்கமும் பாத்துத்தானே தீர்ப்பு சொல்லணும். அதான் இவ்வளவு நேரமாச்சு.

கேளு, கேளு. எப்படிக் கணீர்னு சொல்லுதா பாரு, எனக்கு யூரின் எடுக்கணும் அண்ணே, நிறுத்துங்கன்னு. பஸ்ஸே இவளைத் திரும்பிப் பாக்கு. என் பேரு வாயில வரல பாத்தியா? வளத்த வளப்பு அப்படி.

ஓரங்கட்டுதான். எந்திரி, நீயும் வா. இல்லைன்னு தலைய ஆட்டாத. கல்லுப்பட்டியிலருந்து கால மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வாறதை நான் பாக்கலைன்னு நினைச்சியா? பையை சீட்டுல போடு, வா. எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல தாயி. வாசல்ல யாராவது நிக்கணும்லா, அதுக்குத்தான் இறங்குதேன்.

ஏங்க, கொஞ்சம் வழி விடுங்க. கூடைய அந்தப் பக்கம் இழும்மா. பிள்ளைக்கு அவசரம். என்னது, பிள்ளை எங்கயா? அது பின்னால வரும்ங்க, நீங்க முதல்ல என்னை விடுங்க!